மூடிய குடுவைக்குள் காற்று: அமோந்தோன் கண்ட கணக்கு

வெயில்ல நிறுத்தின சைக்கிள் டயர் படார்னு வெடிக்கிறதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அடைபட்ட காற்று சூடானா அழுத்தம் கூடும். பள்ளிப் பாடத்துல இதுக்குக் கே-லுசாக் விதின்னு பேர். ஆனா கே-லுசாக்குக்கு நூறு வருஷம் முன்னாடியே பாரிஸ்ல ஒருத்தர் இதை அளந்து பார்த்துட்டார். இன்னிக்கு அவரைப் பத்திப் பேசலாம்.

அவர் பேர் கியோம் அமோந்தோன். 1663-ல் பிறந்தவர். சின்ன வயசுலயே செவித்திறன் போயிடுச்சு. ஆனா சிகிச்சை வேண்டாம்னுட்டாராம். கவனம் சிதறாம வேலை செய்ய இதுவே வசதின்னு அவர் நினைச்சதாச் சொல்லுவாங்க.

அவரோட கருவி ரொம்ப எளிமையானது. ஒரு கண்ணாடிக் குமிழுக்குள்ள காற்று, அதோட இணைஞ்ச வளைந்த குழாய்ல பாதரசம். குமிழை வெந்நீர்ல வெச்சா காற்று விரியப் பார்க்கும். அதை விரிய விடாம தடுக்கப் பாதரசம் எவ்வளவு உயரம் நிக்கணும்? அந்த உயரம்தான் அழுத்தத்தோட அளவு.

1699-லிருந்து 1702 வரை அவர் செய்த சோதனைகள்ல ஒண்ணு தெரிஞ்சது. குளிர்ந்த நீரிலிருந்து கொதிநீருக்குப் போனா அழுத்தம் ஏறத்தாழ மூணுல ஒரு பங்கு கூடுது. உள்ளே எவ்வளவு காற்று இருந்தாலும் அதே விகிதம்தான்!

இப்ப இதைத் திருப்பி யோசிச்சுப் பாருங்க. குளிரக் குளிர அழுத்தம் குறைஞ்சுகிட்டே போகும். ஆனா ஒண்ணுமே இல்லைங்கிற நிலைக்குக் கீழே அது போக முடியாது. அப்படின்னா குளிருக்கும் ஒரு அடிமட்டம் இருக்கணும் இல்லையா? அமோந்தோன் தந்த எண்களை இன்றைய அளவுகோல்ல போட்டா, அது சுமார் மைனஸ் 240 டிகிரி செல்சியஸ். 1779-ல் லாம்பெர்ட் மைனஸ் 270-ன்னு நெருங்கினார். இன்னிக்கு நாம ஏத்துக்கிட்டது மைனஸ் 273.15.

அமோந்தோன் 1705-ல், 42 வயசுல இறந்துட்டார். தண்ணீர் ஒரே நிலையான வெப்பத்துல கொதிக்குதுங்கிறதை அவர்கிட்டேருந்துதான் தெரிஞ்சுகிட்டேன்னு பாரன்ஹீட் பின்னாளில் எழுதினார். 1802-ல் கே-லுசாக் வெளியிட்ட ஆய்வோ, அழுத்தத்தை மாத்தாம வெச்சு வாயு எவ்வளவு விரியுதுன்னு பார்த்தது. அதுலயும் தனக்கு முன்னாடியே சார்லஸ் இதைச் செய்தார்னு அவரே குறிப்பிட்டிருக்கார். ஆனாலும் பேர் அவருக்கே நின்னுடுச்சு. சில புத்தகங்கள் மட்டும் இப்போ அமோந்தோன் விதின்னு போடுது.

அந்த அடிமட்டம் வெறும் ஆர்வத்துக்கான விஷயமில்லை. 30 டிகிரி 60 டிகிரி ஆனா அழுத்தம் இரட்டிப்பாகுமா? ஆகாது. அடிமட்டத்திலிருந்து எண்ணினா 303, 333 ஆகுது. மூடிய பாத்திரத்துல மொத்த அழுத்தம் கூடுறது பத்துல ஒரு பங்குதான். அதனால டயர் வெடிச்சா வெயிலை மட்டும் திட்டாதீங்க, டயர் எவ்வளவு நைஞ்சிருந்ததுன்னும் பாருங்க. இந்தக் கணக்குக்கு வழி காட்டினவர் அமோந்தோன்.