டிரில் மாஸ்டரின் குருபரம்பரை

விசில் ஊதுகிற டிரில் மாஸ்டரை ஆசிரியர் வரிசையில் கடைசியில்தான் நாம் வைத்துப் பழகிவிட்டோம். ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால் அவருக்கும் ஒரு குருபரம்பரை உண்டு. அது அமெரிக்காவில் கிளம்பி நம் சென்னை நந்தனம் வரை வருகிறது.

ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் 1862இல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் பாதிரியார் படிப்புப் படித்தார், மேடைப்பேச்சு கைவரவில்லை. 1890இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போய், அங்கே கால்பந்துக் குழுவைப் பழக்கினார். அமெரிக்கர்களின் கால்பந்து நம் பசங்க ஆடுகிற ஆட்டமல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவது. அந்தக் குழுவில் ஆடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் 1891 டிசம்பரில், பீச் பழக்கூடைகளை மாட்டிவைத்துக் கூடைப்பந்து ஆட்டத்தை உண்டாக்கினார்.

1892இல் ஸ்டாக்கைச் சிகாகோ பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. சீசனுக்கு மட்டும் பிடித்துவந்த ஆளாக அல்ல, மற்றப் பேராசிரியர்களோடு ஒருவராக, உடற்பயிற்சித் துறைக்கே தலைவராக அவரை அமர்த்தினார்கள். 1932 வரை 41 பருவங்கள் அங்கே பயிற்சி கொடுத்தார். எழுபது வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பியபோதும் சும்மா உட்காரவில்லை. கலிபோர்னியாவில் பசிபிக் கல்லூரியில் 1946 வரை வேலை பார்த்தார். 1965இல், 102ஆம் வயதில் காலமானார்.

அவர் விட்டுவந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பிற்பாடு பயின்றவர் ஹாரி குரோ பக். இவர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி. விளையாட்டு சொல்லிக்கொடுப்பதும் படித்துத் தேற வேண்டிய ஒரு வித்தை என்பதை நம் நாட்டில் நிலைநாட்டியது அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் பக்தான். 1943இல் சென்னையிலேயே மறைந்தார்.

இங்கே ஆனேக்கல்லில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று பாஷைச் சுமை. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பீரியட். கன்னடப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கலக்கிற இடமும் அந்த மைதானம்தானே! அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, மார்க் விவரம் கேட்ட கையோடு, டிரில் மாஸ்டரிடமும் போய் நம் பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள்.