மறியல்: கைமாறிய ஒரு சொல்

வடக்குத்து, நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஊர். அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் பஸ் அசையாமல் நின்றால், "மறியல் போல" என்று சனம் எட்டிப் பார்க்கும். குடிநீருக்கா, நிலத்துக்கா, ஒப்பந்தத் தொழிலாளர் பணி நிரந்தரத்துக்கா என்பது அப்புறம்தான் தெரியும்.

மறி என்பது பழைய வினை. வாய்க்காலை மறிக்கிறோம், வழியை மறிக்கிறோம், வயலில் ஆட்டுக்கிடை மறிக்கிறோம். ஆனால் மறியல் என்ற பெயர்ச்சொல் முன்பு அதிகாரத்தின் பக்கம் நின்றது. ஒருவனை நகரவிடாமல் பிடித்து வைப்பதுதான் மறியல். காவலுக்கும் சிறைக்கும் அதுவே பெயர். ஈழத்தில் மறியற்சாலை என்றால் சிறைச்சாலை. விசாரணைக் கைதியை வைப்பது விளக்கமறியலில். அந்தப் பொருள் அங்கே இன்றும் அப்படியே இருக்கிறது.

தமிழகத்தில் சொல் கைமாறியது ஒத்துழையாமைக் காலத்தில். 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் நடந்தது. பெரியார் சிறை சென்றதும் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றார்கள். அதுவரை மறிக்கப்பட்டவர்கள் மறிப்பவர்கள் ஆனார்கள். கலகக்காரர்கள் ஆள்வோரின் அடையாளங்களைப் பறித்துத் தலைகீழாக்குவதை, காலனிய இந்தியாவின் உழவர் எழுச்சிகளைப் பற்றிய 1983ஆம் ஆண்டு நூலில் ரணஜித் குஹா விரிவாகக் காட்டினார். இங்கே நம் மக்கள் பறித்தது ஒரு சொல்லை. நம் நூற்றாண்டின் பெரிய சொத்துகளில் அது ஒன்று என்பேன்.

வெள்ளையர் போன பிறகும் அது ஓயவில்லை. 1953 ஜூலையில் கல்லக்குடியில் திமுகவினர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள். 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் தென்னார்க்காடே முடங்கியது. உயிர் கொடுத்தவர்கள் 21 பேர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அதே நாட்களில் தலித் மக்களின் குடிசைகளும் எரிந்தன. மறியலைப் பெருமையோடு எழுதும் எவரும் அதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

ஏன் ஓயவில்லை? நிலமெடுக்க வெள்ளையர் 1894இல் போட்ட சட்டம் 2013 வரை குடியரசிலும் செல்லுபடியானது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. பழுப்பு நிலக்கரி நாட்டுக்கு வெளிச்சம் தந்தது. சுரங்கத்துக்காக ஊர்கள் எழும்பிப் போயின. ஊரைக் கொடுத்தவனிடம் மிஞ்சியது சாலையில் உட்காரும் உடம்பு ஒன்றுதான். மனு நகராத இடத்தில் மறியல் நகர்த்துகிறது.

உட்கார்ந்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விடுவது இங்கே வாடிக்கை. பகல் முழுக்க அங்கே நடப்பது சொல்லின் பழைய பொருள்: ஆளைப் பிடித்து வைத்தல். சாலையில் புதிய மறியல், மண்டபத்தில் பழைய மறியல். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுகிறார் சாலையில் உட்கார்ந்த விவசாயி.

2023 ஜூலை 26 அன்று நெய்வேலி நிறுவனத்தின் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பாமக முற்றுகை, கட்சியின் அப்போதைய தலைவர் அன்புமணி கைதானார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கால்வாய் வேலை தொடர்ந்தது.