கைதியை வதைத்த கைக்கு மட்டும்தானா தண்டனை? அபூ குரைப் சிறைச்சாலை விட்டுச்சென்ற கேள்வி

2004 ஆம் ஆண்டு மே மாதம் நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். விடுதிக்கு வந்த பத்திரிகையை அன்று நாங்கள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கி வாங்கிப் பார்த்தோம். தலை முழுவதும் துணியால் மூடப்பட்ட ஒரு மனிதர் பெட்டியொன்றின் மேல் நிறுத்தப்பட்டிருக்கிறார். இரு கைகளும் விரிந்திருக்கின்றன. கைகளில் கம்பிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. பக்தாதுக்கு மேற்கே சுமார் 32 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அபூ குரைப் சிறைச்சாலையில் எடுக்கப்பட்ட படம் அது.

அண்மையில் உயர்தர வகுப்பில் யுத்தச் சட்டங்கள் பற்றிப் பேசும்போது இந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டேன். ஒரு மாணவி எழுந்து, "சேர், அந்தச் சிப்பாய்களுக்குத் தண்டனை கிடைச்சது சரி. அப்படிச் செய்யலாம் என்று அவங்களை நினைக்க வைச்சது யாரு? அவங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் அதற்கு இல்லை. அந்தக் கேள்விக்கான பதிலே இந்தக் கட்டுரை.

அபூ குரைப்பில் நடந்தது என்ன?

சதாம் ஹுஸைனின் ஆட்சிக் காலத்திலேயே சித்திரவதைக்கும் மரண தண்டனைகளுக்கும் பெயர்போன சிறைச்சாலை அது. 2003 மார்ச்சில் ஈராக் மீது படையெடுத்த அமெரிக்கா, அதே ஆண்டில் அந்தச் சிறைச்சாலையைத் தனது தடுப்பு முகாமாகத் திறந்தது. அங்கு அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வீதிச் சோதனைகளிலும் வீட்டுச் சுற்றிவளைப்புகளிலும் பிடிக்கப்பட்ட பொதுமக்கள். ஈராக்கில் தடுத்து வைக்கப்பட்டவர்களில் 70 முதல் 90 சதவீதமானோர் தவறுதலாகக் கைது செய்யப்பட்டவர்கள் என இராணுவப் புலனாய்வு அதிகாரிகள் சிலரே மதிப்பிட்டதாக, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் 2004 பெப்ரவரியில் கையளித்த அறிக்கை கூறுகிறது.

2003 ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கு கைதிகள் நிர்வாணமாக்கப்பட்டனர், அடிக்கப்பட்டனர், நாய்களைக் கொண்டு மிரட்டப்பட்டனர், பாலியல் ரீதியாக அவமானப்படுத்தப்பட்டனர். அதைச் செய்தவர்கள் சிரித்தபடி படமும் எடுத்துக்கொண்டனர். 2003 நவம்பர் 4 ஆம் திகதி மனாதில் அல் ஜமாதி என்ற கைதி சீ.ஐ.ஏ. விசாரணையின்போது உயிரிழந்தார். இராணுவ மருத்துவப் பரிசோதனை அதனை மனிதக் கொலை என முடிவு செய்தது. அவரது உடல் பனிக்கட்டிகளில் வைக்கப்பட்டுப் பின்னர் வெளியே கொண்டு செல்லப்பட்டது.

2004 ஜனவரியில் ஜோசப் டார்பி என்ற சாதாரண சிப்பாய் அந்தப் படங்கள் அடங்கிய இறுவட்டை இராணுவக் குற்றப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தார். ஏப்ரல் 28 ஆம் திகதி சீ.பீ.எஸ். தொலைக்காட்சி அவற்றை ஒளிபரப்பிய பின்னரே உலகம் விழித்துக்கொண்டது.

சட்டம் யாரையெல்லாம் பொறுப்பாக்குகிறது?

"யுத்தம் என்றால் இதெல்லாம் நடக்கும்தானே" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. யுத்தக் கைதிகள் பற்றிய 1949 ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, கைதி தன்னைப் பிடித்த சிப்பாயின் கையில் அல்ல, எதிரி அரசின் கையில் இருக்கிறார் என்ற அடிப்படையில் அமைந்தது. தனிமனிதர்கள் செய்த குற்றம் ஒரு புறமிருக்க, அவர் நடத்தப்படும் விதத்துக்கு அந்த அரசே பொறுப்பு. தடுத்து வைக்கப்படும் பொதுமக்கள் விடயத்தில் நான்காவது சமவாயத்தின் 29 ஆம் உறுப்புரையும் இதையே சொல்கிறது.

இதை நான்கு படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, வதைத்தவர். "மேலதிகாரியின் கட்டளை" என்பது அவரைத் தானாகக் காப்பாற்றிவிடாது. இரண்டாம் உலக மகா யுத்தத்தின் பின் நடந்த நியூரம்பேர்க் விசாரணைகள் இதை உறுதிப்படுத்தின.

இரண்டாவது, கட்டளையிட்டவர். அவர் கைதியைத் தொட்டிருக்கவே தேவையில்லை.

மூன்றாவது, அறிந்திருந்தும் தடுக்காத தளபதி. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தின் 28 ஆம் உறுப்புரை இன்னும் ஒரு படி செல்கிறது. படைத் தளபதி ஒருவர் அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்து, தடுக்கவோ விசாரணைக்கு அனுப்பவோ தம்மால் இயன்றதைச் செய்யாவிட்டாலும் அவர் குற்றவாளியாகலாம். அமெரிக்கா அந்தச் சாசனத்தில் இணையவில்லை. எனினும் தளபதியின் பொறுப்பு என்ற கோட்பாடு அதற்கு அந்நியமானதல்ல. அதைக் கீழே பார்ப்போம்.

நான்காவது, அரசு. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வழங்குவதும் குற்றவாளிகளை நீதியின் முன் நிறுத்துவதும் அதன் கடமை.

ஜெனரல் ஹொம்மாவுக்கு வழங்கப்பட்ட தீர்ப்பு

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் அமெரிக்க, பிலிப்பைன்ஸ் படையினர் சுமார் 75,000 பேர் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். பசியோடும் நோயோடும் இருந்த அவர்கள் கொளுத்தும் வெயிலில் சுமார் 100 கிலோமீற்றர் தூரம் நடத்திச் செல்லப்பட்டனர். தண்ணீர் கேட்டவர்கள் தாக்கப்பட்டனர், விழுந்தவர்கள் கொல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர். இதுவே வரலாற்றில் பட்டான் மரண நடை எனப்படுகிறது.

யுத்தம் முடிந்ததும் ஜப்பானியத் தளபதி மசஹரு ஹொம்மாவை அமெரிக்கா மணிலாவில் இராணுவ ஆணைக்குழுவின் முன் நிறுத்தியது. அடுத்த தாக்குதலுக்கான திட்டமிடலில் மூழ்கியிருந்ததால் கைதிகளுக்கு நேர்ந்தது தனக்குத் தெரியாது என்பதே அவரது வாதம். அது ஏற்கப்படவில்லை. 1946 ஏப்ரல் 3 ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்குச் சில வாரங்கள் முன்னர் இன்னொரு ஜப்பானியத் தளபதியான யமஷிட்டாவும் இதே கோட்பாட்டின் கீழ் தூக்கிலிடப்பட்டிருந்தார். அவரது வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் இரு நீதியரசர்கள் மாற்றுத் தீர்ப்பு எழுதினர். தளபதி அறிந்திருந்தார் என்பதை நிரூபிக்காமல், நியாயமான விசாரணையின்றி அவரைத் தண்டிப்பது பிழை என்பது அவர்களின் நிலைப்பாடு. அந்த எச்சரிக்கை நியாயமானது. 1977 ஆம் ஆண்டின் மேலதிக நெறிமுறையும் பின்னர் ரோம் சாசனமும், தளபதி எதை அறிந்திருந்தார், எதைச் செய்யத் தவறினார் என்பதை அளவுகோலாக்கின.

இங்கே ஒரு தொடர்பைக் கவனியுங்கள். 2004 இல் அபூ குரைப் சம்பவத்தை விசாரிக்க நியமிக்கப்பட்டவர் மேஜர் ஜெனரல் அன்டோனியோ டகுபா. மணிலாவில் பிறந்தவர். அவரது தந்தை பட்டானில் ஜப்பானியரிடம் கைதியாக அகப்பட்ட படைவீரர்களில் ஒருவர். கைதியின் மகன், தனது சொந்த இராணுவம் கைதிகளுக்குச் செய்ததை விசாரிக்க வேண்டி வந்தது. அவர் எதையும் மூடி மறைக்கவில்லை. நடந்தவை திட்டமிட்ட, சட்டவிரோதமான துஷ்பிரயோகங்கள் என்றே அறிக்கையிட்டார். ஆனால் இராணுவப் பொலிஸ் படைப்பிரிவை விசாரிக்கவே அவருக்கு ஆணையிருந்தது. அதற்கு மேலே செல்ல அனுமதி இருக்கவில்லை. 2007 இல் அவர் ஓய்வு பெற்றார். ஓய்வுபெறும்படி தனக்குச் சொல்லப்பட்டதாக அவரே பின்னர் கூறினார்.

மேலே ஏறாத பொறுப்பு

அபூ குரைப் தொடர்பாக 11 படையினர் இராணுவ நீதிமன்றங்களில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். சார்ள்ஸ் கிரேனருக்கு 10 வருடம், ஐவன் ஃபிரெடரிக்குக்கு 8 வருடம், லிண்டி இங்லண்டுக்கு 3 வருடம் சிறை. இவர்கள் அனைவரும் கீழ்மட்டப் படையினர்.

படைப்பிரிவின் தலைவியான பிரிகேடியர் ஜெனரல் ஜனிஸ் கார்பின்ஸ்கி கேர்ணலாகப் பதவி இறக்கப்பட்டார். புலனாய்வுப் படைப்பிரிவின் கேர்ணல் தோமஸ் பப்பாஸுக்குக் கண்டனமும் 8,000 டொலர் அபராதமும் கிடைத்தன. வழக்கை எதிர்கொண்ட ஒரே அதிகாரியான லெப்டினன்ட் கேர்ணல் ஸ்டீவன் ஜோர்டான், கைதிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து 2007 இல் விடுவிக்கப்பட்டார். அல் ஜமாதியின் மரணத்துக்காக எவரும் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை.

அப்படியானால் இது "சில கெட்டவர்களின் வேலை" மட்டும்தானா? ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. 2002 டிசம்பர் 2 ஆம் திகதி பாதுகாப்புச் செயலாளர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் குவான்தனாமோ கைதிகளுக்கான கடும் விசாரணை முறைகளுக்கு ஒப்பமிட்டார். ஆடை களைதல், நாய் பற்றிய பயத்தைப் பயன்படுத்துதல், நீண்ட நேரம் நிற்க வைத்தல் ஆகியன அவற்றில் அடக்கம். தான் ஒரு நாளில் எட்டு முதல் பத்து மணித்தியாலம் நிற்பதாகவும், கைதிக்கு ஏன் நான்கு மணித்தியால வரையறை என்றும் அந்தப் பத்திரத்திலேயே கையால் எழுதிக் கேட்டிருந்தார். ஆறு வாரங்களில் அந்த அனுமதி மீளப் பெறப்பட்டது. ஆனால் அந்த முறைகள் ஆப்கானிஸ்தானுக்கும் அங்கிருந்து ஈராக்குக்கும் பயணித்தன. 2003 செப்டம்பரில் ஈராக்கின் தளபதி ஜெனரல் சன்செஸ் ஒப்பமிட்ட விசாரணைக் கொள்கையிலும் நாய்கள் இடம்பெற்றிருந்தன.

2008 டிசம்பரில் அமெரிக்க செனட் சபையின் ஆயுதப் படைகள் குழு, இது ஒரு சில சிப்பாய்கள் தாமாகச் செய்தது மட்டுமல்ல என்ற முடிவுக்கு வந்தது. கார்ல் லெவினும் ஜோன் மெக்கெய்னும் வழிநடத்திய இரு கட்சிகளும் அடங்கிய குழு அது. மெக்கெய்ன் தாமே வியட்நாமில் ஐந்து வருடங்களுக்கு மேல் யுத்தக் கைதியாக இருந்து வதைபட்டவர்.

2004 மே மாதம் காங்கிரஸ் முன் தோன்றிய ரம்ஸ்ஃபெல்ட் முழுப் பொறுப்பையும் ஏற்பதாகச் சொன்னார். அதன் பின்னரும் இரண்டு வருடங்களுக்கு மேல் பதவியில் இருந்தார். பொறுப்பேற்பது என்பது வாயால் சொல்லும் ஒரு சொல்லாகவே முடிந்துபோனது.

இருபது வருடங்களின் பின்

ஒரு கதவு மட்டும் தாமதமாகத் திறந்தது. அபூ குரைப்பில் விசாரணையாளர்களை வழங்கிய சீ.ஏ.சீ.ஐ. என்ற தனியார் நிறுவனத்துக்கு எதிரான வழக்கு 2008 இல் தாக்கல் செய்யப்பட்டது. நிறுவனம் அதைத் தள்ளுபடி செய்விக்கத் திரும்பத் திரும்ப முயன்றது. 2024 நவம்பர் 12 ஆம் திகதி வேர்ஜீனியாவில் ஜூரிகள் நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, மூன்று ஈராக்கியருக்கு 42 மில்லியன் டொலர் வழங்கத் தீர்ப்பளித்தனர். நிறுவனம் மேன்முறையீடு செய்தது.

அந்த மூவரில் ஒருவர் பாடசாலை அதிபர். மற்றவர் பழ வியாபாரி. மூன்றாமவர் ஊடகவியலாளர். நமது ஊரில் தினமும் ஸலாம் சொல்லிக் கடந்துபோகும் மனிதர்களைப் போன்றவர்கள்.

பனூ ஜதீமா

ஹிஜ்ரி 8 ஆம் ஆண்டு மக்கா வெற்றியின் பின் நடந்த ஒரு சம்பவம் நமது ஹதீஸ், ஸீரா நூல்களில் பதிவாகியுள்ளது. பனூ ஜதீமா கோத்திரத்தாரிடம் அனுப்பப்பட்ட காலித் பின் வலீத் (ரழி) அவர்கள், அம்மக்கள் இஸ்லாத்தை ஏற்றதைத் தெரிவிக்கப் பயன்படுத்திய சொல்லைச் சரியாக ஏற்காமல் அவர்களைச் சிறைப்பிடித்தார். கைதிகளைக் கொல்லுமாறு கட்டளையிட்டார். அப்துல்லாஹ் பின் உமர் (ரழி) அவர்கள் தாமும் கொல்ல மாட்டேன், தமது தோழர்களும் கொல்ல மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்.

செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்த அச்செயலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அல்லாஹ்விடம் இருமுறை முறையிட்டார்கள். பின் அலீ (ரழி) அவர்களைப் பொருளுடன் அனுப்பினார்கள். கொல்லப்பட்டவர்களுக்கான இரத்தப் பரிகாரமும் இழந்த பொருட்களுக்கான ஈடும் வழங்கப்பட்டன. நாய் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்துக்குக்கூட ஈடு கொடுக்கப்பட்டதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. காலித் (ரழி) அவர்களின் செயலை விளக்கத்தில் ஏற்பட்ட தவறு என்றே மார்க்க அறிஞர்கள் சொல்கின்றனர். நான் இங்கு எடுத்துக்கொள்வது தலைமை நடந்துகொண்ட விதத்தை. சம்பவம் மறைக்கப்படவில்லை. "யுத்தத்தில் இது சகஜம்" என்று சொல்லப்படவில்லை. கட்டளையை மறுத்தவர் கண்டிக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் வீடு தேடி ஈடு சென்றது.

நம்மிடம் இருக்க வேண்டிய அளவுகோல்

அபூ குரைப் படத்தைப் பார்த்து நாம் கொதித்தோம். அது சரியான கொதிப்பு. ஆனால் அதே கொதிப்பு, பாதிக்கப்பட்டவர் நம்மவராக இல்லாதபோதும் வருகிறதா என்பதில்தான் நமது நேர்மை தங்கியிருக்கிறது.

நமது நாட்டிலும் இந்தக் கேள்வி பாக்கியிருக்கிறது. 1990 ஜூனில் கிழக்கில் விடுதலைப் புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டனர். அவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்த தம் பிள்ளைகளும் கணவன்மாரும் எங்கே என்று தமிழ்த் தாய்மாரும் மனைவியரும் இன்றும் வீதியில் நின்று கேட்கின்றனர். உள்நாட்டு யுத்தங்களில், ஜெனீவா சமவாயங்களுக்குப் பொதுவான மூன்றாம் உறுப்புரை அரசையும் ஆயுதக் குழுவையும் ஒரே மாதிரிக் கட்டுப்படுத்துகிறது. ஒருவருக்காகக் கேட்டு மற்றவருக்காக மௌனமாக இருக்க அதில் இடமில்லை.

அடுத்த முறை வகுப்பில் அந்த மாணவியிடம் நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். செய்தது யார்? செய்யச் சொன்னது யார்? தெரிந்திருந்தும் தடுக்காதது யார்? பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுத்தது யார்? அபூ குரைப் விடயத்தில் முதலாவது கேள்விக்குத்தான் நீதிமன்றங்கள் ஓரளவேனும் பதில் சொல்லியிருக்கின்றன. கைதி வதைக்கப்பட்ட செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எந்த இனத்தவருக்கு நேர்ந்தாலும், நான்கையும் கேட்கப் பழக வேண்டும். முதலாவது பதிலோடு திருப்தியடைந்துவிடும் சமூகத்தில் மற்ற மூவரும் நிம்மதியாக ஓய்வூதியம் பெறுவார்கள்.