குட்டிக்கரணமும் கொஞ்சம் வரலாறும்

பதிவு எழுதி மாசக்கணக்காச்சு. ஆணி புடுங்குற வேலை அப்படி. ஆனா போன பொங்கலுக்கு போளூர் போயிருந்தப்ப நடந்த ஒரு விஷயம் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. அதை இறக்கி வைக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஒரு டீயை எடுத்துக்கிட்டு வாங்க மக்களே.

அக்கா வீடு போளூர்ல. மொட்டை மாடியில நின்னா ஒரு பக்கம் சம்பத்கிரி, மேற்கால ஜவ்வாது மலை. அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு. வாரத்துல மூணு நாள் ஜிம்னாஸ்டிக்ஸ் கிளாஸ் போறா. கிளாஸ்னதும் பெருசா கற்பனை பண்ணிடாதீங்க. ஒரு கிரவுண்டு, நாலு ரெக்ஸின் மெத்தை, ஒரு பெஞ்சு, ஒரு மாஸ்டர். அவ்வளவுதான்.

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு சாயங்காலம் "மாமா, ஸ்ப்ளிட் பாரு"ன்னு மாடியில காலை விரிச்சு உட்கார்ந்தா. தரைக்கும் காலுக்கும் நடுவுல நாலு விரக்கடை இடைவெளி. நான் கையைத் தட்டிட்டு சும்மா இருந்திருக்கலாம். நாலு வீடியோ பார்த்த தெகிரியத்துல தோளைப் பிடிச்சு கீழ அமுக்கினேன். "வலிக்குது மாமா"ன்னா. "வலிச்சாத்தான்டி வரும்"னு டயலாக் வேற. அடுத்த நொடி கத்தின கத்துல கீழ இருந்து அக்கா ஓடி வந்துட்டா.

பெரிய அடி எதுவும் இல்லை. ரெண்டு நாள் நொண்டினா, சரியாப் போச்சு. ஆனா அதுக்கப்புறம் நான் மாடிக்கு வந்தாலே பயிற்சியை நிறுத்திட்டு கீழ இறங்கிடுவா. அதுதான் சுருக்குன்னு குத்துச்சு.

அம்மா விடலை. "பொம்பளப் புள்ளைய கழைக்கூத்தாடி மாதிரி வளைக்கிறீங்களே, நல்லா இருக்கா? இதெல்லாம் பண்ணா புள்ள உசரமே வராது." அக்கா என்னைப் பார்த்து, "நீதான் இன்ஜினியராச்சே, படிச்சு சொல்லு. அனுப்பவா, நிறுத்தவா?"ன்னா. பதில் சொல்லத் தெரியலை. ஊருக்கு வந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைத்தான் இங்க கொட்டுறேன்.

*

முதல்ல அம்மாவோட வார்த்தையில இருந்தே தொடங்கலாம். கழைக்கூத்தாடி.

கயிற்று மேல ஆடுறது நமக்குப் புதுசு இல்லை. குறுந்தொகையோட ஏழாவது பாட்டுலயே வருது. காத்துல வாகை நெற்று கலகலக்குற சத்தத்துக்கு, கயிறாடுறவங்க அடிக்கிற பறையை உவமை சொல்றார் புலவர். அப்படின்னா சங்க காலத்துலயே ஊர் ஊரா வந்து கயிறாடினவங்க இருந்திருக்காங்க, கேட்கிறவங்களுக்கும் அந்தப் பறைச் சத்தம் பழகியிருந்திருக்கு.

ஆனா அம்மா மனசுல இருக்கிறது குறுந்தொகை இல்லை. சந்தை மைதானத்துல ரெண்டு மூங்கில் நட்டு, அப்பா பறை அடிக்க, அம்மா தட்டு ஏந்த, பசியோட ஒரு குழந்தை கயிறு மேல நடக்கிற காட்சி. உடம்பை வளைக்கிறது வயித்துக்காக, அதுவும் பெத்தவங்களே பண்ண வைக்கிறதுன்னு நம்ம ஊர்ல ஒரு தலைமுறை கண்ணால பார்த்திருக்கு. அம்மாவோட பயத்தை வெறும் பத்தாம்பசலித்தனம்னு தள்ளிட முடியாது.

சர்க்கஸ் கதையும் இதே ரகம்தான். 1880ல் பம்பாயில் விஷ்ணுபந்த் சத்ரே தொடங்கினது இந்தியர் நடத்தின முதல் பெரிய சர்க்கஸ். தலச்சேரியில பிள்ளைங்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸும் களரியும் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன், 1901ல் சிறக்கரையில சர்க்கஸ் பயிற்சிக்குன்னே ஒரு பள்ளி ஆரம்பிச்சார். அங்க இருந்து கிளம்பினவங்கதான் இந்தியா முழுக்க கூடாரம் போட்டாங்க. பெரிய சாதனை, மறுக்கலை. ஆனா அதே கூடாரங்களுக்குள்ள வாங்கிட்டு வந்த குழந்தைங்களும் இருந்தாங்க. அது கோர்ட்டு வரைக்கும் போய், சர்க்கஸ்ல குழந்தைகளை வேலைக்கு வைக்கிறதைத் தடை பண்ணி அறிவிக்கை போடச் சொல்லி 2011 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. 2011ங்க! நான் அப்ப ஸ்கூல் பையன்.

*

இன்னொரு பக்கமும் இருக்கு. வயித்துக்காக இல்லாம, உடம்புக்காக, பாடமா இதைக் கத்துக்கிட்டது.

மல்லர் கம்பம் கேள்விப்பட்டிருப்பீங்க. நட்டு வச்ச கம்பத்துல மல்யுத்தக்காரங்க பழகினது. 12ஆம் நூற்றாண்டு மானசோல்லாசத்துலயே குறிப்பு இருக்குன்னு சொல்றாங்க. 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல, பேஷ்வா இரண்டாம் பாஜிராவுக்கு குருவா இருந்த பாலம்பட்ட தாதா தேவதர்தான் அதுக்கு மறுபடி உயிர் கொடுத்தவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் சமயத்துல அமராவதியில இருந்து ஒரு குழு போய், அங்க இந்திய விளையாட்டுகளை செஞ்சு காட்டிட்டு வந்துச்சு.

நம்ம பக்கம் மெட்ராஸ்ல 1920ல் ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சார். நந்தனத்துல இன்னிக்கும் இருக்கு. நம்ம ஸ்கூல்ல விசில் ஊதின பி.டி. மாஸ்டருக்குப் படிப்புன்னு ஒண்ணு இருக்கணும்னு முதல்ல நினைச்ச இடம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்தியக் குழுவைத் தயார் பண்ணதும் இதே பக்தான்.

அப்புறம் விழுப்புரம். காட்பாடியில இருந்து வேலூர், போளூர், திருவண்ணாமலை வழியா ஒரு ரயில் போகும் பாருங்க, அது முடியுற ஊர். தமிழ்நாட்டுல மல்லர் கம்பம்னா விழுப்புரமும் அங்க சொல்லிக் கொடுத்த உலகதுரையும்தான் முதல்ல ஞாபகத்துக்கு வரும். நம்ம ரயில் பாதையிலயே ஒரு சின்ன ஊர் இதைப் பண்ணியிருக்குன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒரு சின்ன பெருமை :-)

*

இப்ப உலகக் கதை. சுருக்கமா.

1976 மான்ட்ரியல். 14 வயசு நாடியா கொமனேச்சிக்கு 10க்கு 10. ஸ்கோர் போர்டுல 10.00 காட்ட இடமே இல்லாம 1.00னு வந்துச்சு. எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுக்கப்புறம் ஊருக்கு ஊர் அஞ்சு வயசு, ஆறு வயசுப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பெத்தவங்க ஓடினாங்க. ருமேனிய ரகசியப் போலீஸ் கோப்புகளை வச்சு 2021ல் வந்த ஒரு புத்தகம், அந்தப் பத்துக்குப் பின்னாடி அடியும் பட்டினியும் இருந்ததா சொல்லுது. பெரிய போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயசை உலக சம்மேளனம் 1981ல் 15 ஆக்குச்சு, 1997ல் 16 ஆக்குச்சு. சின்னப் பிள்ளைங்க உடம்பை அவசரப்படுத்தக் கூடாதுன்னு புரியவே அவ்வளவு நாள் ஆகியிருக்கு.

இதைவிட என்னைத் தூங்க விடாதது அமெரிக்கக் கதை. அவங்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியோட டாக்டரா இருந்த லாரி நாசர், சிகிச்சைன்னு சொல்லி எத்தனையோ பெண் குழந்தைகளிடம் தப்பா நடந்திருக்கான். 2016ல் பத்திரிகையில வெளிய வந்துச்சு. 2018 ஜனவரியில 150க்கும் மேற்பட்ட பெண்கள் கோர்ட்டுல வாக்குமூலம் கொடுத்தாங்க. அதுல சில சமயம் அம்மாவோ அப்பாவோ அதே அறையில இருந்திருக்காங்க! கூடவே உட்கார்ந்திருந்தாலும் பார்க்கலை. ஏதோ சரியில்லைன்னு பிள்ளை சொன்னப்ப "டாக்டருக்குத் தெரியாதா, கோச்சுக்குத் தெரியாதா"ன்னு விட்ட வீடுகளும் உண்டு.

"வலிக்குது மாமா." "வலிச்சாத்தான்டி வரும்."

நான் நாசர் இல்லை, தெரியும். ஆனா வலிக்குதுன்னு சொன்னா பெரியவங்க நிறுத்த மாட்டாங்கங்கிற பாடத்தை அன்னிக்கு அந்த மாடியில நான்தான் அவளுக்கு நடத்தியிருக்கேன்.

*

அப்ப நிறுத்திடலாமா? இங்கதான் அகர்தலா வருது. ஒரு சின்ன ஊரு எப்படி இதைச் செய்யும்னு பார்க்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

1952 ஹெல்சிங்கியில ஆரம்பிச்சு 1964 டோக்கியோ வரைக்கும் இந்திய ஆண்கள் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் போனாங்க. அப்புறம் 52 வருஷம் ஒருத்தரும் போகலை. 2016ல் போன அடுத்த ஆள் ஒரு பொண்ணு. திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர். அவங்க ரியோவுக்குப் போன அதே வருஷம்தான் அகர்தலாவுக்கு அகல ரயில் பாதையில டெல்லி ரயிலே வந்துச்சு. அவ்வளவு ஒதுக்குப்புறமான ஊர்.

அங்க எப்படி? 1960கள்ல தலீப் சிங்னு ஒரு கோச் வெளியூர்ல இருந்து வந்து அங்கயே தங்கிட்டார். அந்த மண்ணுல இருந்து மண்டு தேப்நாத் 1975ல் அர்ஜுனா விருது வாங்கினார், 2000ல் கல்பனா தேப்நாத். அந்த வழியில வந்தவர்தான் பிஸ்வேஸ்வர் நந்தி. ஆக, தீபா திடீர்னு முளைச்ச அதிசயம் இல்லை. ஊரை விட்டுப் போகாம நின்ன வாத்தியார்கள் அங்க ரெண்டு மூணு தலைமுறையா இருந்திருக்காங்க.

தீபாவோட அப்பா பளு தூக்குதல் கோச். ஆறு வயசுல பொண்ணை ஜிம்னாஸ்டிக்ஸ்ல சேர்த்தார். சேர்த்ததோட சரி, சொல்லிக் கொடுக்கிறதை அதுக்குன்னு இருக்கிறவங்க கிட்ட விட்டுட்டார். முதல்ல சோமா நந்தி, அப்புறம் அவரோட கணவர் பிஸ்வேஸ்வர் நந்தி. பொண்ணுக்குத் தட்டைப் பாதம். குதிச்சு இறங்குற விளையாட்டுக்கு அது பெரிய இடைஞ்சல். ஒரே நாள்ல அமுக்கி சரி பண்ணலை, கொஞ்சம் கொஞ்சமா பயிற்சி கொடுத்து பாதத்துல வளைவு கொண்டு வந்தாங்க. முதல் போட்டிக்கு ஷூ கூட கிடையாது. இரவல் வாங்கின, அளவு சரியில்லாத உடுப்பு. குதிச்சுப் பழக வால்ட் இல்லாம பழைய ஸ்கூட்டர் பாகங்களை வச்சு ஒண்ணு செஞ்சாங்க.

2008ல் ஜூனியர் தேசியப் போட்டியில ஜெயிச்சப்ப பயிற்சி ஆரம்பிச்சு எட்டு, ஒன்பது வருஷம் ஆகியிருந்துச்சு. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல வெண்கலம். ரியோ வால்ட் இறுதியில 15.066, நாலாவது இடம். வெண்கலத்துக்கு 0.150 தான் குறைச்சல். எனக்கு அதைவிடப் பிடிச்சது, ரியோவுக்குப் பாடப் புத்தகத்தையும் எடுத்துட்டுப் போய், திரும்பி வந்ததும் எம்.ஏ. பரீட்சை எழுதினது. அம்மா கிட்ட இதைச் சொன்னப்ப முதல் தடவையா "அப்படியா?"ன்னாங்க.

எல்லாமே இனிப்பு இல்லை. 2017ல் முழங்கால் ஆபரேஷன். ஊக்கமருந்து விவகாரத்துல 21 மாசத் தடை, அது 2023ல் முடிஞ்சது. 2024ல் தாஷ்கண்ட்ல ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம் வாங்கிட்டு, அதே அக்டோபர்ல ஓய்வு. அப்ப 31 வயசு.

*

அம்மாவோட இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு. உசரம். 2013ல் நிபுணர் குழு ஒண்ணு இருந்த ஆய்வுகளை எல்லாம் அலசிட்டு, ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியால வளர்ந்த பிறகான உயரம் குறையறதில்லைன்னு சொல்லியிருக்கு. குள்ளமா இருக்கிறவங்களுக்கு இந்த விளையாட்டு தோதா இருக்கறதால அவங்க நிலைச்சு நிக்கிறாங்க, அவ்வளவுதான். ஆனா வளர்ற பிள்ளைங்களோட எலும்பு முனையில இருக்கிற வளர்ச்சித் தட்டு மென்மையானது. மணிக்கட்டுல திரும்பத் திரும்ப பாரம் விழுந்து வலி வந்தா, நிறுத்தி டாக்டர் கிட்ட காட்டணும். தைலம் தேய்ச்சு அனுப்பக் கூடாது.

அக்காவுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். நிறுத்த வேண்டாம்னு முடிவாச்சு. ஆனா சில கண்டிஷன். கிளாஸ் நேரத்துல பெத்தவங்க வந்து பார்க்கலாம்னு மாஸ்டர் ஒத்துக்கணும் (கேட்டதும் சரின்னுட்டார்). மாஸ்டர் வேலையை வீட்டுல யாரும் பார்க்கக் கூடாது, குறிப்பா நான். பாப்பா "போதும்"னா அது போதும்தான். அதுக்கு மேல "இன்னும் ஒரு தடவை" கிடையாது. கிளாஸ் முடிஞ்சு வந்ததும் "இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி "இன்னிக்கு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்கணும். இது அக்காவோட ஐடியா.

போன மாசம் திரும்ப போளூர் போனேன். பாப்பா கிட்ட ஸாரி கேட்டேன். ஏழு வயசுப் பிள்ளை கிட்ட மன்னிப்பு கேட்கிறது எவ்வளவு கூச்சமா இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. அவ ஒண்ணும் சொல்லலை. ஓடிட்டா.

சாயங்காலம் மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். மேல வந்தா. தண்ணித் தொட்டி ஓரத்தைக் காட்டி, "மாமா, நீ அங்கயே நில்லு. தொடக் கூடாது"ன்னா. நின்னேன். கையூன்றி ஒரு சக்கரம் சுத்தினா. ரெண்டாவதுல கால் கோணலா விழுந்துச்சு. வாயை மூடிக்கிட்டு தண்ணித் தொட்டியைப் பிடிச்சுக்கிட்டேன். அவளே எழுந்து, தூசியைத் தட்டிட்டு, மூணாவது சுத்தினா.

டிஸ்கி 1: எங்க அம்மா இன்னும் முழுசா மசியலை. "பரீட்சை எழுதினாளாமே அந்தப் பொண்ணு"ன்னு மட்டும் அப்பப்ப சொல்லிக்கிறாங்க.

டிஸ்கி 2: விழுப்புரத்துல மல்லர் கம்பம் கத்துக்கிட்ட, பிள்ளைங்களை அனுப்பின பதிவர்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. அடுத்த லீவுக்கு அந்த ரயில்லயே ஏறி பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் காட்டணும்னு இருக்கேன்.