கிவ் அப்

‘கிவ்’ என்ற வினையோடு ‘அப்’ என்ற இடைச்சொல் சேர்ந்து அமைந்த ஆங்கிலத் தொடர்வினை. கைவிடுதல், விட்டுக்கொடுத்தல், சரணடைதல் ஆகியவை இதன் முதன்மைப் பொருள்கள்.

பழைய ஆங்கிலத்தில் இப்பொருளைத் தர வினைக்கு முன்னொட்டுச் சேர்ப்பதே வழக்கம். ‘ஆஃப்கீஃபன்’ என்ற சொல் அவ்வாறு அமைந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் முன்னொட்டுகள் தேய்ந்தன. அவற்றின் வேலையை வினைக்குப் பின்வரும் இடைச்சொற்கள் ஏற்றன. ‘கிவ் அப்’ காணப்படும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று, பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் எழுதிய ஆண்டுக்குறிப்பேடு. பிரான்சில் ஒரு மடத்தை வைத்துக்கொண்டே 1127இல் பீட்டர்பரோ மடத்தின் தலைமையையும் பெற்றவர் புவாத்து ஹென்றி. கூட்டிலுள்ள தேனைத் தின்னும் ஆண் தேனீயோடு அவரை ஒப்பிடுமளவுக்குத் துறவிகளுக்கு அவர்மீது வெறுப்பு. மடத்தை பிரான்சின் குளூனி மடத்தின்கீழ்க் கொண்டுபோக அவர் முயன்றதை அறிந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி, அவரைப் பதவியைவிட்டு நாட்டைவிட்டே போகச் செய்தார் என்கிறது 1132ஆம் ஆண்டுக் குறிப்பு. பதவியை விடச் செய்ததைச் சொல்லுமிடத்தில்தான் இத்தொடர் வருகிறது. ஆக, அங்கே அவர் விட்டது மனமுவந்து அல்ல. பீட்டர்பரோ டேனியர் குடியேறிய வட்டாரத்தைச் சேர்ந்தது. டேனியர் பேசிய பழைய நார்ஸ் மொழியிலும் ‘கெஃபா உப்’ உண்டு. எனவே இது அம்மொழியால் வலுப்பெற்ற வழக்கு எனக் கருதலாம்.

1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையில், இத்தகைய தொடர்கள் அயல்மொழியினரைத் திணறடிப்பதை சாமுவேல் ஜான்சன் சுட்டினார். இவ்வகைக்கு இன்று வழங்கும் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயரை 1925இல் தம் நூலில் எடுத்தாண்ட எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித், அது அகராதியாசிரியர் ஹென்றி பிராட்லி தந்தது என்றார்.

செயப்படுபொருள் பெயர்ச்சொல்லானால் தொடரின் நடுவிலோ பின்னோ வரலாம். ‘இட்’ போன்ற சுட்டுப்பெயரானால் நடுவில்தான் வரவேண்டும். ‘கிவ் இட் அப்’ சரி, ‘கிவ் அப் இட்’ பிழை. வேறொரு வினை தொடர்ந்தால் அது ‘இங்’ ஈறு பெறும்: ‘கிவ் அப் ஸ்மோக்கிங்’. நம் மாணவர்கள் அடிக்கடி எழுதும் ‘கிவ் அப் டு ஸ்மோக்’, புகைப்பதை நிறுத்தும் பொருளைத் தராது. ‘கிவ் அப் ஆன்’ என்றால் ஒருவர்மீது வைத்த நம்பிக்கையை இழத்தல். உயிர்விடுதலைக் குறிக்கும் ‘கிவ் அப் த கோஸ்ட்’ 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தால் பரவியது. இன்று பழுதாகி நின்ற வண்டிக்கும் அதைக் கேலியாகச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் 2015இல் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுக்கக் கோரிய அரசு இயக்கத்தின் பெயர் ‘கிவ் இட் அப்’. பேச்சுத் தமிழில் ‘கிவ் அப் பண்ணிட்டான்’ என்பதும் வழக்கு.