ஆணி அடிக்கும் உரிமை

என் அப்பாயி இறந்த அன்று வீட்டில் எல்லோரும் தேடியது அவருடைய படத்தை. பீரோ, டிரங்குப்பெட்டி, பழைய ஆல்பம் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தும் அவர் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில், மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றிருந்தார். ஸ்டூடியோக்காரர் அந்த முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, மறைந்த பாதிக்கு வேறு உடம்பை ஒட்டி, நீலப் பின்னணியும் பட்டுப்புடவையும் கொடுத்தார். எண்பது வயதில், சந்தன மாலையோடு, அப்பாயி முதன்முறையாகத் தன் வீட்டுச் சுவரில் ஏறினார். அப்படியொரு புடவை அவரிடம் இருந்ததே இல்லை.

வகுப்பில் மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: உயிரோடு இருக்கும் ஒரு பெண், தனியாக, உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறாளா? சாமி படங்கள், தாத்தா, தலைவர்கள், அப்பா அம்மாவின் கல்யாணப் படம் என்று பட்டியல் நீளும். தனியாக இருக்கும் பெண் என்றால், பட்டமளிப்பு அங்கியில் அக்கா. இல்லையென்றால் மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்த படம்.

அந்த மஞ்சள் நீராட்டுப் படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பூத் தைத்த சடையோடு பெண்ணை நிலைக்கண்ணாடி முன் நிறுத்துவார்கள். முகமும் தெரிய வேண்டும், சடையும் தெரிய வேண்டும். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பெண்ணின் படம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தக் கண்ணாடி அவளுக்காக வைத்ததில்லை. எங்கே நிற்பது, தலையை எவ்வளவு திருப்புவது, எந்த நகை தெரிய வேண்டும் என்பதெல்லாம் அவளைக் கேட்காமல் முடிவானவை. தன் உடம்பில் நடந்த ஒரு மாற்றத்தை ஊருக்கு அறிவிக்கும் படத்தில், அவளுக்கு இருந்த ஒரே வேலை அசையாமல் நிற்பது.

சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1856இல். அடுத்த சில பத்தாண்டுகளில் ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் வந்தன. கணவர் நாற்காலியில், மனைவி பக்கத்தில் நின்றபடி என்ற அமைப்பு வழக்கமாயிற்று. நெகட்டிவில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்து கறுத்த முகத்தை வெளுப்பாக்கினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் வண்ணம் பூசி, ஓவியம்போல் சட்டமிட்டு மாட்டினார்கள். சில படங்களில் முகம் மட்டுமே புகைப்படம். புடவையும் நகையும் ஓவியர் கைவண்ணம். அப்பாயிக்குக் கிடைத்த பட்டுப்புடவை கணினிக் காலத்துப் புதுமை இல்லை. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

கேமரா முன் வரப் பெண்ணுக்குத் தனி இடமே தேவைப்பட்ட காலமும் உண்டு. 1892இல் ஹைதராபாத்தில் லாலா தீன்தயாள் ‘ஜெனானா ஸ்டூடியோ’ ஒன்றைத் திறந்தார். ஆண் கண் படாத அந்தச் சுவர்களுக்குள் படம் எடுத்தவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. எடுப்பவர் பெண்ணாக இருந்தாலும், அந்தப் படங்கள் திரும்பிப் போனது பர்தா வீடுகளுக்குத்தான்.

இதே காலத்தில் திரிபுராவில் வேறொன்று நடந்தது. புகைப்படக் கலையில் பித்துக்கொண்டிருந்த மகாராஜா பீர் சந்திர மாணிக்கியாவிடமிருந்து மகாராணி மன்மோகினியும் அக்கலையைக் கற்றுக்கொண்டார். 1880 வாக்கில் இருவரும் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கிறது. இந்தியாவின் தொடக்ககாலத் தன்னுருவப் புகைப்படங்களில் அதற்கு முக்கிய இடமுண்டு. ஷட்டரை இயக்கும் கருவி படத்திலேயே தெரிகிறது. அது இருப்பது ராஜாவின் கையில். படமெடுக்கத் தெரிந்த ராணி பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கையிலேயே போய் நிற்கிறது.

அந்தக் கருவி கை மாறுவதைப் பார்க்கப் பெங்களூருக்கு வர வேண்டும். 2000 முதல் 2004 வரை, கலைஞர் புஷ்பமாலா என். புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து, ‘தென்னிந்தியப் பூர்வகுடிப் பெண்கள்’ என்ற பொருளில் ஒரு படத்தொடரை உருவாக்கினார். ஷட்டரை அழுத்துவது யார் என்ற கேள்வியை இங்கே வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. பட்டன் கிளேர் ஆர்னியின் விரலில் இருக்கலாம். எந்தப் பெண்ணாக, எந்தத் திரைக்கு முன்னால், எப்படி நிற்பது என்ற முடிவில் நிற்பவருக்கும் பங்கு உண்டு. காலனிய மானுடவியலாளர்கள் உடம்பை அளக்க வைத்த கட்டத்திரை முன் புஷ்பமாலா நிற்கிறார். சினிமா ஸ்டில்லுக்குள் போகிறார். ரவி வர்மாவின் லட்சுமியாகத் தாமரைமேல் நிற்கிறார்.

இந்த லட்சுமிதான் எனக்கு முக்கியம். ரவி வர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியபின், மலிவு அச்சுப் படங்களாக வீடுவீடாகப் போனவள் அவள். ‘மகாலட்சுமி மாதிரி இருக்கணும்’ என்று பெண்ணுக்குச் சொல்லும்போது நம் மனதில் எழும் முகம் அந்தச் சுவரிலிருந்து வந்தது. அந்தச் சட்டத்துக்குள் ரத்தமும் சதையுமாக ஒரு பெண் போய் நின்றதும், தாமரை அட்டை என்றும் வானம் திரைச்சீலை என்றும் பளிச்செனத் தெரிந்துவிடுகிறது.

இன்று ஷட்டர் எல்லோர் கையிலும் இருக்கிறது. நம் பெண்கள் தங்களை நாள்தோறும் எடுத்துக்கொள்கிறார்கள். செல்பேசியில் இருக்கும்வரை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அதைக் கேன்வாஸில் அச்சிட்டு மாட்டப் போனால்தான் சுவர் யாருடையது என்று தெரிகிறது. என் மாணவி ஒருத்தி, விடுதி ஜன்னல் வெளிச்சத்தில் தானே எடுத்த படத்தை அப்படி அச்சிட்டு ஊருக்குக் கொண்டுபோனாள். “கல்யாணமானதும் அங்க போய் மாட்டிக்கம்மா” என்றார் அவள் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு, “வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்கார்” என்றார் கணவர். அதே வீட்டில் மாமனாரின் படத்துக்கு ஆணி கிடைத்திருந்தது. அவள் தன் படத்தைப் பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

போன வருடம் செல்பேசியில் டைமர் வைத்து நானும் என்னை எடுத்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடி, நரை, எழுதிக்கொண்டிருந்த மேசை, டச்சிங் இல்லாத கறுப்பு முகம். சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டினேன். பக்கத்தில் சித்தப்பா கல்யாணத்துக் குரூப் போட்டோவை, வெட்டாமல், முழுசாக மாட்டினேன். மூன்றாவது வரிசையில், நூல் புடவையில், அப்பாயி எட்டிப் பார்க்கிறார்.

வந்திருந்த அத்தை என் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உசுரோட இருக்கறப்பவே எதுக்குடி?”

“அதுக்காகத்தான் அத்தை” என்றேன்.