சுவருக்கு ஒரு சட்டை

புதிதாகத் திறந்த ஆபீஸ் எதற்காவது போனால், சுவரை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டொம்' என்று சத்தம் வந்தால் அது செங்கல் சுவரில்லை. ஜிப்சம் போர்டு! உள்ளே மரச்சட்டமோ தகரச்சட்டமோ நிற்கும். அதன்மேல் பலகைகளை வைத்து ஸ்க்ரூ முடுக்கி, இணைப்பில் டேப் ஒட்டி, பூசி மெழுகி பெயின்ட் அடித்தால் சுவர் ரெடி.

பார்க்க சுலபம்தான். ஆனால் விஷயம் தெரிந்த ஆசாரி சில காரியங்களில் ரொம்பக் கறாராக இருப்பார். பலகையின் விளிம்பு அந்தரத்தில் நிற்கக் கூடாது, சட்டத்தின்மேல்தான் முடிய வேண்டும். நாலு பலகையின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்கக் கூடாது. ஸ்க்ரூவின் தலை மேல்காகிதத்தைக் கிழிக்காமல் லேசாக அமுங்க வேண்டும். பலகை தரையில் உட்காரக் கூடாது, கீழே சின்ன இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தை உறிஞ்சும். சட்டம் மரமாக இருந்தால் இன்னும் கவனம். மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். காயாத மரத்தில் அவசர அவசரமாகப் பலகையை அறைந்தால், கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அடுத்த முறை வரும்போது விரிசலையும் பார்த்துவிட்டுப் போவார்கள்!

இந்தப் பலகைக்கு மூதாதை, அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-ல் காப்புரிமை வாங்கிய பலகை. காகிதத்தையும் பிளாஸ்டரையும் அடுக்கி அழுத்தியது. அதற்கு முன்னால் அங்கே மரச்சட்ட வீட்டுக்குள் சுவர் எழுப்புவது பெரும்பாடு. மெல்லிய மரப்பட்டிகளைச் சின்னச் சின்ன இடைவெளி விட்டு வரிசையாக ஆணியடித்து, மேலே சுண்ணாம்புக் காரையை அப்புவார்கள். காரை அந்த இடைவெளிகளில் பிதுங்கி, பின்பக்கம் கொக்கி மாதிரி மடங்கி இறுகும். சுவரைத் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கொக்கிதான்!

சரி, கொக்கி போட இடைவெளியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? உதாரணமாக, பாறை. அதுவும் தலைக்கு மேல் இருக்கும் பாறை!

அதற்குப் பதில் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கத்தில் இருக்கிறது. சித்தன்னவாசல் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஓவியம். தாமரைக் குளம், பூப்பறிக்கும் இளைஞர்கள், யானை, மீன், பறவைகள். காலண்டரில் பார்த்திருப்பீர்கள். மலையைக் குடைந்து செய்த சமணக் கோயில் அது, பெயர் அறிவர் கோயில். குடைந்தது பல்லவ மகேந்திரவர்மன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாண்டியர் வேலை என்பவர்கள் கை இப்போது ஓங்கியிருக்கிறது. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஓவியத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் நம் விஷயம்.

அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலின் உள்மண்டபத்தைப் புதுப்பித்து, முன்னால் கல்லால் ஒரு மண்டபமும் கட்டினார் என்கிறது. ஊர்ப்பெயரை 'அண்ணல்வாயில்' என்று சொல்கிறது. இன்றைய அன்னவாசல் காதில் விழுகிறதல்லவா? கவனியுங்கள், அவர் செய்தது புதுப்பிக்கிற வேலை. நம் பாஷையில் ரெனவேஷன்!

அந்தச் சுவர்ப்பூச்சை 1930களில் ஆராய்ந்தவர் சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியல் நிபுணராக இருந்த எஸ். பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சைச் சோதித்ததும் இவர்தான். சித்தன்னவாசலில் பாறைமேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரை, அதன்மேல் வழவழவென்று ஒரு சுண்ணாம்புப் பூச்சு, அப்புறம்தான் வண்ணம். எல்லாம் சேர்த்தாலும் சில மில்லிமீட்டர்தான்!

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? கஞ்சத்தனமில்லை, கணக்கு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு போய்விடுகிறது. நீற்றி, குழைத்துப் பூசினால் காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மெதுவாக, வெளியிலிருந்து உள்ளே. தடிமனாக அப்பினால் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே மசமசவென்றே கிடக்கும். காயக் காயச் சுருங்கி வெடிக்கும். விதானத்தில் இன்னொரு தொல்லை, கனம். தடித்த காரை தன் கனத்தாலேயே கழன்று தலையில் விழும். மெல்லிய காரை சொரசொரப்பான கல்லைப் பல் பதித்ததுபோல் பிடித்துக்கொள்ளும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் மேலாகத் தாமரை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால், முதல் நன்றியை ஓவியனுக்கல்ல, கொத்தனாருக்குத்தான் சொல்ல வேண்டும்.

1940களின் தொடக்கத்தில் பரமசிவனும் தொல்லியல் அறிஞர் கே.ஆர். சீனிவாசனும் இந்த ஓவியங்களைச் சுத்தம் செய்தபோது, மேலே தெரிந்த ஓவியத்துக்கு அடியில் இன்னொரு பழைய ஓவிய அடுக்கு இருப்பது தெரிந்தது. பழையதைச் சுரண்டி எறியாமல் அதன்மேலேயே புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள்! இன்றைய ரெனவேஷன்காரர்கள் முதல் நாளே சுத்தியலோடு வருகிறார்கள்.

சட்டைக்கு எதிரி யார்? தண்ணீர்தான். பாறைக்குள் கசியும் நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். காரைக்கு வந்ததும் நீர் ஆவியாகும், உப்பு மட்டும் படிகமாகி உள்ளேயிருந்து நெட்டித் தள்ளும். உங்கள் வீட்டு பாத்ரூம் சுவரில் பூக்கிற அதே உப்பு. இளங்கௌதமன் எழுப்பிய முன்மண்டபம் வெறும் அழகுக்கல்ல, மழைச்சாரலுக்கும் வெயிலுக்கும் ஒரு தடுப்பு. அது பிற்காலத்தில் இடிந்து விழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகி அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் ஏற்பாட்டில், பக்கத்துக் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து முன்மண்டபத்தை மறுபடி நிறுத்தினார்கள். தாத்தா காலத்துத் தூணை எடுத்து முப்பாட்டன் வீட்டுக்கு முட்டுக் கொடுத்த கதை!

ஆனால் மண்டபம் மனுஷனைத் தடுக்கவில்லை. 1920-ல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் இந்த ஓவியங்களைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்னார். அவருக்கு முன்பே கோபிநாத ராவ் இவற்றைக் கவனித்திருந்தார். புகழ் வந்தது, கூட்டம் வந்தது, கூடவே ஆணியும் வந்தது. பெயர் கீறினார்கள், சுரண்டினார்கள். மழையும் உப்பும் நூற்றாண்டுக் கணக்கில் செய்யாததை நம்மவர்கள் சில பத்து வருஷங்களில் செய்து முடித்தார்கள். இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது.

தூணில் இருக்கும் ஆடல்மகளிரும், அரசன் அரசி உருவங்களும் பாதிக்கு மேல் அழிந்துவிட்டன. மேலே தாமரைக் குளத்திலும் அங்கங்கே காரை பெயர்ந்து வெறும் பாறை தெரிகிறது. அந்த இடங்களில் என்ன மலர் இருந்தது, யார் நின்றார்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. வண்ணம் தனியாகப் போகவில்லை. தன்னைச் சுமந்த சில மில்லிமீட்டர் சுண்ணாம்போடு சேர்ந்தே போய்விட்டது.